விசுவநாதன் சார் வீட்டு நத்தைகள்

போன மாதம் ஒரு வேலையாக ஆரியசாலைப் பக்கம் போனவன், கால் பழக்கத்தில் நான் வேலை பார்த்த பழைய வளர்ப்பு மீன் கடைக்குள் நுழைந்துவிட்டேன். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த அனில் நின்றிருந்தார். ஒரு அம்மா வந்து, தொட்டி நிறைய ஒச்சு, அதைத் தின்கிற மீன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நத்தைக்கு இந்தக் கேரளத்து ஊரில் ஒச்சு என்றுதான் பெயர். அனில் மூன்று மீனைக் கோரிப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு நீட்டிவிட்டார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் இருக்காது. தொட்டி எத்தனை அடி, உள்ளே என்ன மீன் இருக்கிறது, எதுவும் கேட்கவில்லை.

எனக்கு உள்ளே சுர்ரென்றது. அடக்கிக்கொண்டு, "என்னப்பா இது?" என்றேன். அனில் நல்ல மனுஷர், கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணா, ஒச்சுக்கு எந்த மீன்னு ஒரு லிஸ்ட் எழுதித் தாங்க, இங்க ஒட்டி வைக்கிறேன்" என்றார். எழுதித் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. காகிதத்தில் நாலு மீன் பெயர் எழுதுவேன். எழுந்து வாசல் வரை போவேன். திரும்பி வந்து எழுதியதை அடித்துவிடுவேன். என் மனைவி, "ஒண்ணு எழுதுங்க, இல்லன்னா அந்தப் பேனாவைக் கீழ வைங்க, பாக்குறவங்களுக்குத் தலை சுத்துது" என்றாள். லிஸ்ட் வரவில்லை. இதுதான் வருகிறது.

நான் வள்ளியூர்க்காரன். தம்பானூரில் ஒரு ஓட்டலில் சப்ளையராக வந்து, முதலாளியோடு சண்டை போட்டு, தெருவில் நின்றபோது இந்த மீன் கடையில் தொட்டி கழுவ ஆள் கேட்டார்கள். சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் கழுவினேன், ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் உறிஞ்சும்போது வாயில் போனதைத் துப்பினேன், சென்னையிலிருந்து ரயிலில் வரும் மீன் பெட்டிகளைத் தலையில் சுமந்தேன். அப்புறம் வீடு வீடாகப் போய்த் தொட்டி பராமரிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். தொண்ணூறுகளில் இந்த ஊரில் யார் வீட்டு ஹாலில் பார்த்தாலும் ஒரு கண்ணாடித் தொட்டி. நத்தைப் புகார் இல்லாத வாரமே கிடையாது.

எங்கள் மீன் கடை பாஸ்கரன் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி எப்போதும் கழுத்தில் தொங்கும். அவர் பேசுவது பாதி மலையாளம், பாதி என்னைக் கேட்டுப் பழகிய தமிழ். நத்தைக்கு மீன் வேண்டும் என்று யாராவது வந்தால் வலையை எடுக்கவே மாட்டார். வலைக் காம்பால் கவுண்டரை ஒரு தட்டுத் தட்டி, மூன்று கேள்வி கேட்பார். தொட்டி எவ்வளவு பெரிசு? உள்ளே யார் யார் இருக்கிறார்கள்? தீனி போடுவது யார்? மூன்றாவது கேள்விக்கு ஒழுங்கான பதில் வராவிட்டால் அன்றைக்கு வியாபாரம் கிடையாது. "ஒச்சு ஒரு தீனமல்லடே முருகேசா" என்பார் என்னிடம். தீனம் என்றால் நோய். "மிச்சம் கிடக்கிற தீனியைத் தின்னு பெருகுது. மீனைக் கேட்டு வர்றவன்கிட்ட தீனி கொடுக்கிற கையைக் கேளு." வாசல் வரை வந்த வியாபாரத்தை இந்த மனுஷன் திருப்பி அனுப்புகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேள்வி கேட்டு நிற்கப் பொறுமை இல்லாதவன் நான். எதிராளி வாயைத் திறப்பதற்குள் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்துவிடும் என்ற நினைப்பு வேறு.

கோட்டைக்குள் அக்ரஹாரத் தெரு ஒன்றில் விசுவநாதன் சார் வீடு. அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பம்பாயில் இருக்கும் மகன் மூன்றடித் தொட்டி ஒன்றை வாங்கி, அவர் நாற்காலிக்கு எதிரே வைக்கச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போவேன். அவர் வலது கை மடியில் கிடக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு அந்த வீட்டில் கண்டுபிடித்த பயிற்சி, மீனுக்குத் தீனி போடுவது. டப்பாவைத் தொடையில் வைத்துக்கொண்டு, விரல்களை உள்ளே தள்ளி, ஒட்டியதை எல்லாம் அப்படியே தண்ணீருக்கு மேல் உதறுவார். ஒரு நாளைக்கு நாலு தடவை. நெற்றியில் வேர்வை பூத்துவிடும். முடித்ததும் எங்களை ஒரு பார்வை பார்ப்பார், வேலை முடித்த ஆளின் பார்வை. அந்த வீட்டில் அவர் தன் கையால் செய்த காரியம் அது ஒன்றுதான்.

நாலு தடவை அப்படிக் கொட்டினால் நத்தை பெருகாமல் என்ன செய்யும்? கண்ணாடி முழுக்க ஒட்டிக்கொண்டு, மூடியின் இடுக்கு வழியாக வெளியே வந்து, பக்கத்துச் சுவரில் ஏற ஆரம்பித்தன. சுவரில் சாமி அலமாரி. ஒரு வியாழக்கிழமை சாரின் மனைவி, மாமி, என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"விளக்குத் தட்டுல ரெண்டு ஒச்சு, கேட்டேளா. காய்ஞ்சு ஒட்டிண்டிருக்கு. ஆடி பிறக்கறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணலேன்னா, பின்னே இந்தத் தொட்டியை எடுத்துண்டு போயிடுங்கோ. எனக்கு வேற வழியில்லை."

உள்ளே நாற்காலியில் இருந்த சாருக்கு அது கேட்டது. அவர் இடது கையால் வலது கையை எடுத்து மேலே வைத்து மூடிக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு எனக்கு அந்தத் தெருவைத் தாண்டிப் போகவே முடியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஆடிக்கு ஆறு வாரம் இருந்தது.

முதலில் கையால் எடுத்தேன். முட்டைக்கோஸ் இலையை நூலில் கட்டித் தொங்கவிட்டால் நத்தை வந்து மொய்க்கும். இலையோடு தூக்கி வாளியில் போடலாம். அரை வாளி சேர்ந்தது. பின்கட்டில் வைத்துவிட்டு, "ஓடையில் கொட்டிடுங்க மாமி" என்று சொல்லி வந்தேன். மறுவாரம் போனால் தொட்டியில் பழையபடி அதே கூட்டம். நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, மாமி கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "அன்னிக்கு ஏகாதசி. அத்தனை ஜீவனை எப்படி ஓடையில கொட்டுவேன்? அதுகள் வந்த இடத்துலயே விட்டுட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த நிமிஷம் மாமியைப் பற்றி எனக்குள் ஒரு முடிவு விழுந்துவிட்டது. இந்த அம்மாள் ஒரு எறும்பைக்கூட நசுக்க விடமாட்டார், இவரிடம் உண்மையைப் பேசி ஆகப் போவது ஒன்றுமில்லை என்று.

அடுத்து லோச். உடம்பில் வரி வரியாக, மீசையோடு, தரையை மோப்பம் பிடித்துத் திரியும் மீன். நத்தையை ஓட்டுக்குள்ளிருந்து உறிஞ்சித் தின்னும். முதலாளியின் மூன்று கேள்விகளையும் தாண்டி, அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானாக நாலு லோச்சை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வாரம் பார்த்தேன். சார் போடுகிற தீனியைத் தின்றுவிட்டு, நாலும் பகல் முழுக்கக் கல்லடியில் படுத்திருந்தன. நன்றாகக் கொழுத்திருந்தன. அவற்றின் முகத்துக்கு நேரே ஒரு நத்தை நிதானமாக ஊர்ந்து போனது.

வேறு வழியில்லாமல் முதலாளியிடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"வயிறு நிறைஞ்சவன் வேட்டைக்குப் போவானோ?" என்றார். "தீனியைக் குறைக்கச் சொல்லு. மதி." மதி என்றால் போதும்.

"அது முடியாது முதலாளி" என்று சொல்லி, சாரின் கையைப் பற்றிச் சொன்னேன். டப்பா, தொடை, வேர்வை, அந்தப் பார்வை எல்லாம். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அப்புறம் வலைக் காம்பால் கவுண்டரை ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்போ தீனியைத் தொடாத மீன் வேணும்" என்றார்.

ஆற்றுண்டை. கடற்கரையில் பேத்தை என்று ஒரு மீன் உண்டே, பிடித்தால் பந்தாக உப்புமே, அதன் ஆற்றுப் பங்காளி. சுண்டுவிரல் கணு அளவுதான் இருக்கும். மஞ்சள் உடம்பில் கருப்புப் புள்ளி, தனித்தனியாகச் சுழலும் இரண்டு கண். கேரளத்து ஆறுகளில்தான் அதிகம் இருக்கிற மீன். வெளிநாட்டுக்காரர்கள் ஆசையாக வாங்குகிறார்கள், இங்கே கேட்பார் இல்லை. டப்பாத் தீனியைப் போட்டால் ஏறிட்டும் பார்க்காது. அசைகிற உயிர்தான் வேண்டும், அதிலும் நத்தை என்றால் முதலில். ஆனால் நீளச் செட்டை உள்ள மீன் பக்கத்தில் இருந்தால் கடித்துக் குதறிவிடும். சார் தொட்டியில் நீளச் செட்டை ஏஞ்சல் மீன்கள் இரண்டு இருந்தன. அவற்றையும் லோச்சுகளையும் எடுத்துவிட்டு, குட்டைச் செட்டையும் வேகமும் உள்ள டேனியோ மீன்கள் பத்து விட வேண்டும், தீனியை அவை தின்று கொள்ளும் என்று கணக்குப் போட்டோம்.

ஆற்றுண்டைகளை முதலாளியே தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, ஒரு நத்தையைப் போட்டு, எதிரே முக்காலியில் உட்கார்ந்துவிடுவார். மீன் நத்தைக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கும். கண் மட்டும் சுழலும். நத்தை ஓட்டை விட்டுத் தலையை நீட்டும் வரை அசையாது. நீட்டியதும் ஒரு கடி. கடித்ததைத்தான் எடுத்தார். வயிறு உள்ளே போனதையும், ஓரமாக ஒதுங்கியதையும் தள்ளினார். ஆண்கள் அடித்துக்கொள்ளும் என்று, இரண்டு ஆணுக்கு நாலு பெண் என்று ஆறு. அரை நாள் ஆயிற்று. நான் நாலு தடவை எழுந்து வெளியே போய் வந்தேன்.

பையைக் கையில் கொடுக்கும்போது சொன்னார்: "வீட்டுக்காரம்மாகிட்ட இது என்ன தின்னும்னு சொல்லணும், கேட்டோ. சொல்லாம விடக் கூடாது."

தலையை ஆட்டினேன். அந்த வீட்டில் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கால் மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தபோது மாமி காப்பி கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார்.

"அடடே, கண்ணு உருட்டறதே. இது என்ன சாப்பிடும்?"

"பாசி, மாமி" என்றேன். "அழுக்கைத் தின்னுடும். அழுக்கு இல்லேன்னா ஒச்சு தானா போயிடும்."

நாற்காலியிலிருந்து சார் என்னைப் பார்த்தார். ஒரு மாதிரியான பார்வை. நான் பைக்குள் இன்னொரு தம்ளர் தண்ணீர் விட்டேன்.

வேலை பிரமாதமாக நடந்தது. சுவரில் ஏறுவது முதல் வாரமே நின்றது. ஆடி பிறந்தபோது கண்ணாடி துப்புரவாக இருந்தது. சார் தினமும் நாலு தடவை தீனி கொட்டினார், டேனியோக்கள் பாய்ந்து தின்றன. மாமி எனக்கு அடை வார்த்துப் போட்டார். முதலாளியிடம் வந்து பெருமையடித்தேன். அவர், "சொன்னியா?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றேன்.

நத்தை தீர்ந்தது, சிக்கல் ஆரம்பித்தது. ஆற்றுண்டைகளின் வயிறு ஒட்ட ஆரம்பித்தது. டப்பாத் தீனியைத் தொடாத மீன் என்றுதானே கொண்டு வந்தோம், இப்போது அதுவே வம்பாகிவிட்டது. நத்தையை ஒழிக்கப் போன வீட்டுக்கு, ஒவ்வொரு வியாழக்கிழமையும் கடைத் தொட்டியிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் நத்தை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஒரு நாள் மாமி அடுக்களையில் இருந்தபோது சார் கையை நீட்டினார். புட்டியைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளங்கையில் நாலு நத்தையைக் கொட்டினேன். இடது உள்ளங்கையில் இருந்ததை வலது கையின் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் எடுக்கப் பார்த்தார். நழுவியது. மறுபடி. தீனி டப்பாவில் விரலை உழப்பினால் போதும், நத்தையை ஒவ்வொன்றாகப் பிடித்தால்தான் வரும். ஒன்றை எடுப்பதற்குள் என் வேலையில் பாதி முடிந்துவிட்டது. தண்ணீரில் போட்டார். மீன் வந்து, நின்று, காத்திருந்து, கடித்தது. சார் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு மாதம் எங்களுக்குள் இது ரகசியமாக நடந்தது. விரல்கள் தேறிக்கொண்டே வந்தன. கடைசி வாரங்களில் பத்துப் பன்னிரண்டு நத்தை எடுத்தார். மாமியிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு புதன்கிழமையும் நினைப்பேன். வியாழக்கிழமை அவர் வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பார். வாய் வராது.

ஒரு வியாழக்கிழமை காப்பியோடு அவர் சீக்கிரமே வந்துவிட்டார். சார் இரண்டு விரலுக்கு நடுவில் நத்தையைப் பிடித்திருந்தார். தொட்டிக்குள் ஒரு ஆற்றுண்டை இன்னொரு நத்தையை ஓட்டிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தது. மாமி கத்தவில்லை. தம்ளரை மேஜையில் வைத்தார்.

"பாசி தின்னும்னேளே" என்றார்.

"மாமி, உங்க வீட்ல உயிரைக் கொல்ற மீன்னு சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னு..."

"எங்கிட்டக் கேட்டேளா?"

மாமி ஒரு தடவை ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "பின்கட்டுல தனி அடுப்பு வச்சிருக்கேன். டாக்டர் சொன்னார்னு ஆறு மாசமா இவருக்கு முட்டை அவிச்சுக் கொடுக்கறேன். தம்பானூர் வரைக்கும் போய், தெரிஞ்ச முகம் இல்லாத கடையில வாங்கிண்டு வரேன். நான் குளிச்சுட்டுத்தான் உள்ள வருவேன். இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. இவர் கை வரும்னு சொன்னா ஒச்சுக்கா நான் வேண்டாம்னிருப்பேன்? நான் என்ன சொல்வேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டேள். ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரியாக்கிட்டேள்."

சார் தலையைக் குனிந்துகொண்டார். நத்தை இன்னும் அவர் விரலில் இருந்தது.

"இனிமே நீங்க வரவேண்டாம்" என்றார் மாமி.

எனக்கு அவமானம். அதைவிடக் கோபம், யார் மேல் என்று தெரியாத கோபம். கடைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் போய் மாப்புக் கேளு" என்றார், மன்னிப்பைத்தான் அப்படிச் சொல்வார். "அவங்க வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றேன். "போ" என்றார். நான் போகவில்லை. என் ரவுண்டை மாற்றிக்கொண்டு, கூட வேலை பார்த்த சசியை அனுப்பினேன். சசி அரை மணியில் திரும்பி வந்துவிட்டார். மாமி வாசலில் நிறுத்தி, முருகேசன் வரவில்லையா என்று கேட்டாராம். அவருக்கு வேறு ரவுண்டு என்று சசி சொல்ல, அப்படியானால் யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கதவைச் சாத்திவிட்டாராம். இன்னும் ஆத்திரம் தீரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதையும் நானேதான் முடிவு செய்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். சாலைக் கடைத்தெருவில் காய்கறிக் கடை முன்னால் மாமி நின்றிருந்தார். நெற்றியில் குங்குமம் இல்லை. நழுவிவிடலாம் என்று பார்த்தேன், அவர் பார்த்துவிட்டார்.

"இவர் போய் ரெண்டு மாசம் ஆச்சு" என்றார்.

"மீனெல்லாம்..." என்றேன்.

"இருக்கு. பின்கட்டுல பழைய வாளியில ஒச்சு வளர்க்கறேன், கேட்டேளா. தினம் நாலஞ்சு எடுத்து இவர் கையில கொடுப்பேன். கடைசி மாசம் பென்சில் பிடிச்சு ஒரு கோடு போட்டார், கோணல்தான். இப்போ மீனுக்கு ஒச்சை நான்தான் போடறேன். இன்னும் கை கூசறது." முட்டைக்கோஸ் ஒன்றை எடுத்துப் பையில் போட்டார். அப்புறம் கேட்டார்: "ஏன் வரவே இல்லை?"

"நீங்கதானே மாமி வரவேண்டாம்னு..."

"அன்னிக்குச் சொன்னேன். கோவத்துல சொன்னேன். அடுத்த வாரமும் வரவேண்டாம்னா சொன்னேன்? வியாழக்கிழமை ஆனா பத்து மணிக்கு இவர் வாசலைப் பார்க்க ஆரம்பிச்சுடுவார். பேச்சுதான் வராதே. இப்படிப் பண்ணிப் பண்ணிக் காட்டுவார்."

கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, ஒன்றைப் பிடிப்பது போல, வாசல் பக்கம் நீட்டுவது போலக் காட்டினார். "உங்களைத்தான் கேட்கறார்னு எனக்குத் தெரியும். எங்கேயோ தூரமா மாத்திட்டா போலிருக்கு, வர முடியலைன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு வருஷமும் வியாழக்கிழமை காலையில் எனக்கு வேலை அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான்.